ஐப்பசி மழைக்கு முன் தேனீப் பெட்டியில் செய்ய வேண்டியவை

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் தேனீ வளர்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, யூடியூபில் கனடாக்காரங்க எல்லாம் குளிர்காலத்துக்கு முன்னாடி பெட்டியைச் சுத்தித் தெர்மோகோல் வச்சுக் கட்டுறாங்க. ஐப்பசி, கார்த்திகைக்கு நாமளும் அப்படி ஏதாவது செய்யணுமா? போன வருஷம் மழை விட்டுப் போய்ப் பார்த்தா ஆறு பெட்டியில நாலு காலி. செத்த தேனீகூட இல்ல. மீதி ரெண்டைப் பிரிச்சு இப்ப அஞ்சு ஆயிருக்கு. மழைக்குள்ள இன்னொண்ணைப் பிரிச்சு ஆறாக்கிரலாமா?"

பிரிப்பதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்விக்கு உங்கள் வாயாலேயே பதில் சொல்லிவிட்டீர்கள், தம்பி. செத்த தேனீ ஒன்றுகூட இல்லை என்றால் அவை குளிரில் சாகவில்லை. கூட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டன. ஆகவே நாம் யோசிக்க வேண்டியது பெட்டியைச் சூடாக வைப்பதைப் பற்றி அல்ல. இருக்கிற இடத்தை விட்டுப் போகத் தேனீக்குக் காரணம் இல்லாமல் செய்வதைப் பற்றி.

கனடாக்காரர் செய்வது அவர் ஊருக்குச் சரி. அங்கே வளர்ப்பது இத்தாலியத் தேனீ. வெப்பம் 14 டிகிரிக்குக் கீழே போனால் அவை ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகத் திரண்டு, இறக்கைத் தசையை நடுக்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளும். அதற்கு எரிபொருள் தேன்தான். கடும்பனி விழும் ஊர்களில் ஒரு பெட்டிக்கு 30, 40 கிலோ தேனை விட்டுவைப்பார்கள். மாதக்கணக்கில் வெளியே பூவே கிடையாது என்பதால் அந்தத் தேனீ எங்கேயும் போக முடியாது. உள்ளேயே பிழைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே சாக வேண்டும். பாளையங்கோட்டையில் மார்கழி ராத்திரியில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நாம் வளர்க்கும் இந்தியத் தேனீயோ காட்டிலும் மரப்பொந்திலும் வாழ்ந்து பழகியது. பசி வந்தால், எறும்பு தொல்லை கொடுத்தால், தேனடையில் மெழுகுப் பூச்சிப் புழு வைத்தால், பெட்டிக்குள் ஈரம் தங்கினால், வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

அந்த ஓட்டம் ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் மகரந்த வரத்து நிற்கும். ராணி முட்டை இடுவதைக் குறைத்துப் பிறகு நிறுத்தும். இருக்கிற புழுவெல்லாம் தேனீயாகி வெளிவரும்வரை காத்திருப்பார்கள். மீதித் தேனை வயிற்றில் நிரப்பிக்கொண்டு, மழை வெறித்த ஒரு முற்பகலில் மொத்தமாகக் கிளம்பிவிடுவார்கள். முட்டையும் புழுவும் இருக்கும் கூட்டை விட்டு இந்தியத் தேனீ லேசில் போகாது. நான் கீழே சொல்லும் எல்லா வேலைக்கும் அடிப்படை இதுதான்: மழை முழுவதும் ராணி கொஞ்சமாவது முட்டை இட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் கூட்டம் மழைக்குள் நுழையும்போதே இளைத்துப் போய்த்தான் நுழைகிறது. ஆனி, ஆடிக் காற்றில் பறக்கச் சிரமப்பட்டு, ஆவணி, புரட்டாசி வெயிலில் பூவில்லாமல் அலைந்து, சேர்த்ததைத் தின்று தீர்த்திருக்கும். அந்த நேரத்தில் "மழைக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை எடுத்திருவோம்" என்று மிச்சம் மீதித் தேனையும் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். புரட்டாசியில் தேன் எடுக்காதீர்கள். தேனீப் புழு வளரும் கீழ் அறையான புழு அறையில் குறைந்தது இரண்டு அடையிலாவது மேல்பாதி மெழுகால் மூடிய தேனாக இருக்க வேண்டும். பெட்டியைப் பின்பக்கம் ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். பலகையின் கனம் மட்டும்தான் தெரிகிறது என்றால் சர்க்கரைக் கரைசல் கொடுத்தே ஆக வேண்டும்.

கரைசல் விஷயத்தில் ரொம்பப் பேர் குழம்புகிறார்கள். புரட்டாசியில் கொடுப்பது சேமித்து வைக்க. அது கெட்டியாக, இரண்டு கிலோ சீனிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் இருக்க வேண்டும். கார்த்திகைக் கடைசியில் ராணியைத் தூண்டிவிடக் கொடுப்பது சரிக்குச் சரி, ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர். அடைமழை நாளில் தண்ணியான கரைசல் கொடுத்தால், அதிலுள்ள நீரை விசிறி ஆவியாக்குவது தேனீக்குக் கூடுதல் வேலை. அந்த ஆவி முழுவதும் பெட்டிக்குள்ளேயே தங்கும். சீக்கிரம் புளிக்கவும் செய்யும். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சீனியைப் போட்டுக் கலக்குங்கள். சீனியோடு சேர்த்துக் காய்ச்சிக் கருகவிட்டால் தேனீக்கு ஆகாது.

கருப்பட்டி வேண்டவே வேண்டாம். நம் ஊரில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது, மனுஷனுக்கு நல்லது, அதனால் தேனீக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று தோன்றும். கருப்பட்டியிலும் வெல்லத்திலும் உள்ள தாது உப்பும் மற்ற கசடும் தேனீக்குச் செரிக்காமல் குடலில் தங்கிவிடும். வெயில் நாளென்றால் வெளியே பறந்து கழித்துவிட்டு வந்துவிடும். மூன்று நாள் விடாமல் மழை அடித்தால் பெட்டிக்குள்ளேயே கழியும். அடையிலும் அதைத் தாங்கும் மரச்சட்டத்திலும் பழுப்பாகத் தெறித்த கறையும் புளித்த நாற்றமும் கண்டால் அதுதான் என்று தெரிந்துகொள்ளுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கடைத் தேனையும் ஊற்றாதீர்கள், நோய் அதன் வழியாக வரும்.

கொடுக்கும் விதம் எளிது. ஒரு சிரட்டையை மேலே உள்ள தேன் அறைக்குள் வைத்துக் கரைசலை ஊற்றி, மேலே நாலு ஈர்க்கைக் குறுக்கும் மறுக்குமாகப் போடுங்கள். தேனீ அதில் நின்று குடிக்கும், மூழ்காது. பொழுது சாய்ந்த பிறகுதான் கொடுக்க வேண்டும், ஒரு சொட்டுகூட வெளியே சிந்தக் கூடாது. பகலில் கொடுத்தால் பலமான பெட்டிக்காரன் மோப்பம் பிடித்து வந்து இளைத்த பெட்டியைக் கொள்ளையடிப்பான். கொள்ளை தொடங்கிவிட்டால் அந்தச் சின்னக் கூட்டம் அன்றைக்கே ஓடிப்போகலாம். எல்லாப் பெட்டிக்கும் ஒரே சாயங்காலத்தில் கொடுத்துவிடுவது நல்லது.

மகரந்தத்தைப் பொறுத்தவரை உங்களுக்குக் கவலை குறைவு. தென்னை வருஷம் முழுவதும் பாளை விடும், தோப்புக்குள் இருக்கும் பெட்டிக்கு அது பெரிய கொடை. தோப்பு இல்லாதவர்கள் பொட்டுக்கடலை மாவைத் தேனில் பிசைந்து, சின்ன அடை மாதிரித் தட்டிச் சட்டங்களின் மேல் வைக்கலாம்.

அடுத்து, எல்லாவற்றிலும் முக்கியமானது என்று நான் நினைக்கும் வேலை: அடைகளைக் குறைப்பது. நியூட்டன் பெட்டியில் கீழே ஏழு சட்டம். இந்தப் பெட்டி நம் தேனீயின் அளவுக்கென்றே உண்டானது; 1911 முதல் 1917 வரை தென்னிந்தியாவில் பலருக்குத் தேனீ வளர்ப்புக் கற்றுக்கொடுத்த நியூட்டன் பாதிரியார் வடிவமைத்தது. ஆனாலும் புரட்டாசியில் இளைத்த கூட்டத்துக்கு அந்த ஏழும் அதிகம். பத்துக்கட்டு வீட்டில் நாலு பேர் குடியிருக்கிற மாதிரி. ஆள் புழங்காத அறையில் என்ன நடக்குமோ அதுதான் தேனீ மூடாத அடையில் நடக்கும். மெழுகுப் பூச்சி நுழைந்து முட்டை வைக்கும். அதன் புழு அடையைக் குடைந்துகொண்டே நூலாம்படை கட்டும்.

வெயிலுள்ள ஒரு நாள் காலை பத்து மணிக்கு மேல் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு அடையாகத் தூக்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும் அடை தெரியாமல் தேனீ மூடியிருந்தால் அது இருக்கட்டும். மூடாததையும், கறுத்துப் போன பழைய அடையையும் எடுத்துவிடுங்கள். நாலு அடைக்குத்தான் தேனீ இருக்கிறது என்றால் நாலோடு நிறுத்தி, பக்கத்தில் ஒரு தடுப்புப் பலகையை நிறுத்துங்கள். மேலே இருக்கும் தேன் அறைச் சட்டங்களும் வேண்டாம். கரைசல் வைக்க அந்த அறையின் வெறும் மரக்கூடு மட்டும் போதும். கூட்டம் நெருக்கமாக இருந்தால் புழுவுக்கு வேண்டிய 34, 35 டிகிரிச் சூட்டைச் சிரமமில்லாமல் காக்கும். தெர்மோகோல் செய்யும் வேலையை அந்த நெருக்கமே செய்துவிடும். எடுத்த பழைய அடைகளைப் பத்திரப்படுத்தி வைக்கப் பார்க்காதீர்கள், உருக்கி மெழுகாக்கிவிடுங்கள். இந்தியத் தேனீ பழைய அடையை விரும்பாது, தானே கடித்துக் கடித்துக் கீழே உதிர்க்கும். அடிப்பலகையில் பழுப்பு நிறத் தூளாகக் கிடப்பது அதுதான். அந்தத் தூளில்தான் மெழுகுப் பூச்சி முதலில் வளர்கிறது. வாரம் ஒரு முறை அடிப்பலகையைச் சுரண்டித் துடையுங்கள். அந்தத் தூளைத் தோப்பிலேயே கொட்டாமல் எரித்துவிடுங்கள்.

மூன்று அடைகூட மூடாத கூட்டம் இருந்தால் மழைக்கு முன்பே இன்னொன்றோடு சேர்த்துவிடுவதுதான் நல்லது. இரண்டு நோஞ்சான் கூட்டத்தையும் இழப்பதைவிட ஒன்றைப் பிழைக்க வைக்கலாம். இரண்டு ராணிகளில் எது சரியாக முட்டை இடவில்லையோ அதை முந்தின நாள் எடுத்துவிடுங்கள். மறுநாள் சாயங்காலம் ராணி உள்ள பெட்டியின் புழு அறைமேல் ஒரு செய்தித்தாளை விரித்து, ஊசியால் ஏழெட்டு ஓட்டை போட்டு, லேசாகக் கரைசல் தடவி, மற்றப் பெட்டியின் அறையை அதன்மேல் தூக்கி வையுங்கள். தாளைக் கடித்துக் கிழித்துக்கொண்டு வருவதற்குள் வாசனை ஒன்றாகிவிடும், சண்டை வராது.

ஆனால் பெட்டிக்குப் பெட்டி அடை மாற்றும்போதும் கூட்டம் சேர்க்கும்போதும் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 1991, 92 வாக்கில் தென்னிந்தியா முழுவதும் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியைத் துடைத்துவிட்டது. மார்த்தாண்டம் பக்கம் பரம்பரையாகச் செய்தவர்கள்கூட வெறும் பெட்டியோடு நின்றார்கள். அந்த நோய் இன்னும் இருக்கிறது. அடையின் சிறு அறைக்குள் தேனீப் புழு நீட்டி நிமிர்ந்து, தலைநுனி கூராக மேலே தூக்கிச் செத்திருக்கும். இடுக்கியால் எடுத்தால் தண்ணீர் நிரம்பிய சின்னப் பை மாதிரித் தொங்கும். அப்படி ஒன்றைக் கண்டாலும் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு அடையைக்கூட வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள், கருவிகளையும் வெந்நீரில் கழுவுங்கள். அதற்கு மருந்து கிடையாது.

இனி பெட்டி. இத்தாலியத் தேனீ மரப்பிசினைக் கொண்டுவந்து விரிசலைத் தானே அடைத்துக்கொள்ளும். நம் தேனீக்கு அந்தப் பழக்கம் இல்லை, அதனால் நாம்தான் அடைக்க வேண்டும். உருக்கிய பழைய மெழுகை இணைப்புகளில் வெளியிலிருந்து தடவினால் போதும். பெயின்ட் அடிப்பதென்றால் வெளிப்பக்கம் மட்டும், அதுவும் காலிப் பெட்டிக்கு, வாடை போன பிறகுதான் தேனீயை மாற்ற வேண்டும்.

பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டாதீர்கள். தார்ப்பாயும் வேண்டாம். இதற்கு ஒரு காரணம் உண்டு. சூடான நாளில் வாசலில் நாலைந்து தேனீ நின்று இறக்கையை விசிறுவதைப் பார்த்திருப்பீர்கள். கிட்டே குனிந்து பார்த்தால் நம் தேனீ தலையை வெளிப்பக்கம் வைத்து நிற்பது தெரியும், அதாவது வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிறது. இத்தாலியத் தேனீ திரும்பி நின்று உள்காற்றை வெளியே இழுக்கும். உள்ளே போன காற்று வெளியேற வழி இல்லாமல் பிளாஸ்டிக்கால் மூடிவிட்டால் சுவரெல்லாம் வியர்த்து நீர் வடியும். பனையோலைதான் இதற்குத் தோது. இரண்டு மூன்று ஓலையை விரித்து, பெட்டிக்கு மேலே நாலு விரற்கடை இடைவெளி விட்டு, பக்கவாட்டில் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும்படி கட்டி, காற்றில் பறக்காமல் கல் தொங்கவிடுங்கள். தண்ணீர் வழிந்து தள்ளி விழும், காற்று புழங்கும். சட்டங்களுக்கு மேலே ஒரு துண்டுச் சாக்கை மடித்துப் போட்டால் உள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நனைந்ததும் மாற்றிவிட வேண்டும்.

ஐப்பசி மழை வாடைக்காற்றோடு வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். ஆகவே வாசல் வடக்கேயோ வடகிழக்கேயோ பார்த்திருந்தால் தென்கிழக்காகத் திருப்புங்கள். ஒரே நாளில் திருப்பாமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. இடம் மாற்றுவதென்றாலும் நாளைக்கு ஓரிரு அடிக்குமேல் நகர்த்தக் கூடாது. பெட்டி முன்பக்கம் ஒரு விரல் அளவு தாழ்ந்திருக்கட்டும். வாசலைப் பாதி அடைத்து, இரண்டு மூன்று தேனீ ஒரே நேரத்தில் நுழையும் அகலம் விட்டால் போதும்.

தாங்கியின் கால்களுக்கு அடியில் எறும்புக்காகத் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பீர்கள். மழையில் அது நிரம்பி வழிந்து, சருகு விழுந்து, எறும்புக்கு அதுவே பாலமாகிவிடும். பூமி நனைந்ததும் எறும்பு காய்ந்த இடம் தேடி ஏறும் காலம் அது. காலின் நடுப்பகுதியில் நாலு விரல் அகலத்துக்குக் கிரீஸ் தடவி, வாரம் ஒரு முறை புதுப்பியுங்கள். பெட்டியில் உரசும் புல்லையும் கிளையையும் வெட்டிவிடுங்கள்.

உங்கள் தோப்பு ஆற்றங்கரையை ஒட்டியதா, வாய்க்கால் ஓரமா என்று நீங்கள் சொல்லவில்லை. எதுவானாலும் வெள்ளத்தில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தது என்று ஊரில் பெரியவர்களைக் கேட்டு, அதற்கு மேலே வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதும், தாமிரபரணி கரை மீறி ஊருக்குள் வந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். தாங்கியைக் கல்லில் கட்டி, பெட்டியைத் தாங்கியோடு கயிற்றால் கட்டிவிடுவது ஐந்து நிமிஷ வேலை.

பிசானப் பருவ நெல் நடவு முடிந்து வயலில் மருந்தடிப்பதும் மழை விட்ட நாளில்தான், அடைபட்டுக் கிடந்த தேனீ வெறியோடு வெளியே பாய்வதும் அதே நாளில்தான். பக்கத்து வயல்காரரிடம் சொல்லி, சாயங்காலம் அடிக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். நேரில் போய்க் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

மழை தொடங்கிய பிறகு பெட்டியை அடிக்கடி திறக்காதீர்கள். தூறலில் திறந்தால் புழு குளிர்ந்து சாகும். வெளியிலிருந்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம். வாசலில் தடித்த ஆண் தேனீக்களை வேலைக்காரத் தேனீக்கள் இழுத்துத் தள்ளினால் உள்ளே தீனி குறைகிறது என்று அர்த்தம். காலில் மகரந்தத்தோடு நாலு தேனீ வந்தால் பெரும்பாலும் புழு வளர்கிறது என்று நிம்மதி அடையலாம். ராத்திரி பெட்டியில் காதை வைத்து விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். சட்டென்று ஒரு இரைச்சல் எழுந்து உடனே அடங்கினால் நலம். அடங்காமல் முனகல் மாதிரி இழுத்துக்கொண்டே போனால் ராணி இல்லையோ என்று சந்தேகப்பட்டு, அடுத்த வெயிலில் திறந்து பாருங்கள்.

அப்படித் திறக்கும்போது முட்டையே இல்லை, தேனும் இல்லை, மூடிய புழுவும் கொஞ்சம்தான் என்றால் அது கிளம்பத் தயாராகும் கூட்டம். தாமதிக்காமல் நோயில்லாத பெட்டியிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள ஒரு அடையைத் தேனீயை உதறிவிட்டு எடுத்து நடுவில் வையுங்கள், அன்று சாயங்காலமே கெட்டிக் கரைசல் கொடுங்கள். வாசலில் ராணி வெளியேற முடியாத தகட்டைப் பொருத்தலாம். ஆனால் உள்ளே பசியையும் பூச்சியையும் தீர்க்காமல் தகட்டை மட்டும் போட்டால் ராணியைச் சிறை வைத்துச் சாகடிப்பதாகத்தான் முடியும். நாலைந்து நாளுக்குமேல் அது வேண்டாம்.

செங்கோட்டை, குற்றாலம் பக்கத்துக்காரர்களுக்கு இதே வேலை வருஷத்துக்கு இரண்டு தடவை. ஆனி, ஆடிச் சாரலுக்காக வைகாசியிலும் ஒரு முறை செய்ய வேண்டும். திசையன்விளை, ராதாபுரம் பக்கம் மழைநாள் குறைவு. அங்கே ஓலையைவிடக் காற்றுத் தடுப்பும் தண்ணீர்த் தொட்டியும்தான் முக்கியம்.

கார்த்திகைக் கடைசியில் மழை இடைவெளி விடத் தொடங்கும். வரப்பில் தும்பை பூத்திருக்கும். அப்போது சரிக்குச் சரிக் கரைசலை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொஞ்சமாகக் கொடுங்கள். கணக்கு இதுதான்: ராணி இட்ட முட்டை தேனீயாக வெளிவர ஏறக்குறைய 20 நாள், அது கூட்டுக்குள் வேலை செய்து முடித்து வெளியே தேனுக்குப் போக இன்னும் மூன்று வாரம். மாசியில் மாம்பூவுக்கும் முருங்கைக்கும் ஆள் வேண்டும் என்றால் மார்கழியில் முட்டை விழ வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டத்துக்குப் பெட்டி கொண்டுபோகிறவர்களுக்கும் இதே கணக்குதான். ரப்பர் புதுத் துளிர் விட்டு இலைக்காம்பில் தேன் சுரக்கும் காலம் ஏறக்குறைய அதுவே. சட்டங்களின் மேல்விளிம்பில் புது மெழுகு வெள்ளையாகத் தெரிந்ததும் ஒவ்வொரு சட்டமாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஏழும் நிரம்பிய பிறகுதான் தேன் அறை.

பிரிப்பது பற்றி: இப்போது வேண்டாம். பிரித்தால் ஒரு பாதிக்கு ராணி இருக்காது, புது ராணி வளர்த்து, அது வெளியே பறந்து ஆண் தேனீக்களோடு சேர்ந்து வர வேண்டும். மழைக்கு முன் ஆண் தேனீக்களை விரட்டிக்கொண்டிருப்பார்கள், பறக்க வெயிலும் கிடைக்காது. மூன்று வாரத்துக்குமேல் இணை சேராமல் அடைந்து கிடந்த ராணி பிறகு ஆண் முட்டை மட்டும்தான் இடும், அந்தப் பெட்டி அதோடு முடிந்தது. ஐந்தையும் ஐந்தாகவே, தேவைப்பட்டால் நாலாகச் சேர்த்து, மழையைக் கடத்துங்கள். தையில் ஆண் தேனீ அறைகள் மூடியிருப்பதைக் கண்ட பிறகு, நன்றாகப் பலத்த இரண்டு பெட்டியை மட்டும் தேர்ந்தெடுத்துப் பிரியுங்கள்.